வெயிலுக்குப் பேசிய பேரம்

வெயில் காரணமாக விளையாட்டு மாணவ மாணவியர் மைதானத்தில் மயங்கி விழுவதை இனி ஒருபோதும் அனுமதிப்பதற்கில்லை என்று கல்லூரி நிர்வாகம் முடிவெடுத்தது. முடிவெடுத்தால் போதுமா? அதற்கென்று ஒரு பிரிவு வேண்டும். பிரிவுக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஏசி. இத்தனையும் வந்து சேர்ந்தபின், மறந்துபோனது ஞாபகம் வந்ததுபோல, ஒரு வெப்பமானியும் வந்தது.

'விளையாட்டு வீரர் உடல்நலம் மற்றும் பாதுகாப்பு மேம்பாட்டுப் பிரிவு' என்று கதவில் பலகை ஏறியது. சுற்றறிக்கையில் குழப்பத்துக்கே இடமில்லை. வெப்பமானி நாற்பது டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்கப்படும்; பயிற்சி நிற்கும்; பரிசோதிக்கப்பட்ட குடிநீர் வழங்கப்படும். மற்ற நேரத்தில் தண்ணீர் குடிப்பதும், வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவதும் பாதுகாப்புக்கு விரோதமான செயல்களாகும்.

சுற்றறிக்கை ஒட்டிய பசை காய்வதற்குள் பழைய ஏசிக்காரரின் மகள் ஓடிக்கொண்டிருந்தபடியே சுருண்டு விழுந்தாள். நெடுந்தூர ஓட்டக்காரி. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காக உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கொடுத்தேவிட்டாளோ என்று கோச் பயந்துபோனார்.

பழைய ஏசிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஏசியும் ஃபிரிட்ஜும் வாங்கி விற்பவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மீதியை அடிபட்டுக் கற்றவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதாகச் சரித்திரமில்லை. டாக்டர் ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னால், "ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுங்க" என்பார். கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும். அதை ஏற்றிக்கொண்டு நேரே அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்.

"எம் பொண்ணு மயங்கி விழுந்திருக்கா. உங்க மணி ஏன் அடிக்கலை?"

"நாற்பது தாண்டலை சார்."

"நாப்பதா? யாரைக் கேட்டு நாப்பது வெச்சீங்க?"

"குழு கூடி முடிவு பண்ணினது."

"முப்பதுக்கு முடிங்க."

அதிகாரி திகைத்தார். அவருடைய பணிக்காலத்தில் டிகிரிக்கு யாரும் பேரம் பேசியதில்லை. ஆனாலும் ஆள் சளைத்தவரில்லை.

"உங்களுக்காக முப்பத்தெட்டு வேணும்னா பார்க்கலாம்."

"முப்பத்தெட்டுல எங்க கடை மெஷினே நின்னுடும். பொண்ணு எம்மாத்திரம்? முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணுக்கெல்லாம் எனக்குக் கட்டுப்படி ஆகாது சார்."

"அப்ப விடுங்க. வேற காலேஜ் பார்த்துக்கறேன்."

எழுந்தார். கதவு வரை போனார். கைப்பிடியைப் பிடித்தார், ஆனால் திறக்கவில்லை. அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

"வாங்க சார், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முப்பத்திமூணு."

"கையைக் குடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "நாப்பது சொன்னான். பேசிப் பேசி முப்பத்திமூணுக்கு இறக்கிட்டேன்." அந்த அம்மாள் உடனே தன் தங்கைக்கு போன் போட்டு, "உங்க மாமா ஏழு டிகிரி குறைச்சுட்டாரு" என்றாள். எதில் என்று தங்கை கேட்கவில்லை. மாமா எதிலாவது குறைப்பார், அவ்வளவுதான்.

மறுநாள் மகள் உதடு வெடித்து வந்து, நின்றபடியே ஒரு குடத்தில் பாதியைக் காலி செய்தாள்.

"மணி அடிக்கலைப்பா."

"தார் ரோடே இளகிப்போற வெயில்லயா?"

"மீட்டர் இருபத்திரண்டுதான் காட்டுதாம்."

"அந்த எழவெடுத்த மீட்டர் எங்கம்மா மாட்டியிருக்கு?"

"அந்த சார் தலைக்கு மேல, ஏசிக்குக் கீழ. அதுக்கு எதிர்ல உட்கார்ந்துதானேப்பா நீங்க பேரம் பேசினீங்க?"

ஏசிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சரக்கைப் பார்க்காமல் அவர் விலை பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுபடி போனார். அதிகாரி மேஜைக்குள்ளிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "நேரடி வெயில் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்னு கம்பெனியே போட்டிருக்கான் சார். விலை உயர்ந்த கருவி. மைதானத்துல மாட்டினா அது என்னத்துக்காகும்?"

"பொண்ணு என்னத்துக்காவா?"

"பொண்ணுங்களோட புத்தகம் எதுவும் வரலையே சார்."

ஏசிக்காரர் அவரை அடித்திருப்பார். அந்த நேரம் பார்த்து ஏசி கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. அவர் முகம் மலர்ந்தது. காதைச் சாய்த்துக் கேட்டு, உச்சுக்கொட்டினார்.

"கம்ப்ரஸர் போகப் போகுது. பாவம், தலைக்கு மேலயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"ஐயோ, என்ன சார் பண்றது?"

"எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல. சர்வீஸுக்குக் கழட்டிட்டுப் போறேன். காசு வேண்டாம்."

கழற்றிக்கொண்டு போனவர் போனவர்தான். கேட்டபோதெல்லாம் ஸ்பேர் வரவில்லை என்றார். மேற்கே பார்த்த அறை. மத்தியானத்துக்குள் மீட்டர் முப்பத்தாறைத் தொட்டது. விதி விதிதான், மணி அடித்தது. மாணவிகள் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுக்கு முன்னால் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு அதிகாரி குடித்தார். தினமும் இதே கதை. மகள் முகத்தில் ரத்தம் ஊறியது. போட்டியில் முதலாவதாக ஓடி வந்து, கோட்டைத் தாண்டியும் நிற்காமல் இன்னொரு சுற்று ஓடினாள்.

இங்கேதான் மேலிடம் விழித்துக்கொண்டது. பதிவேட்டின்படி முன்பு ஒரு தடவைகூட வெயில் அபாயம் ஏற்படாத கல்லூரி, இப்போது தினந்தோறும் மணி அடிக்கிறதென்றால் பாதுகாப்பு எவ்வளவு சீர்கெட்டிருக்க வேண்டும்? விசாரணைக் குழு வந்தது. அறையில் உட்கார்ந்தது. கைக்குட்டையைப் பிழிந்தது. மைதானத்தை எட்டிப் பார்க்காமலே காரணத்தைக் கண்டுபிடித்தது: ஏசி இல்லை. உடனடியாக இரண்டு ஏசி பொருத்த உத்தரவாயிற்று.

அதிகாரி ஏசிக்காரருக்கே போன் போட்டார். "ரெண்டையும் நீங்களே குடுத்துடுங்க சார்."

"போட்டா மறுபடி மணி அடிக்காதே."

"அடிக்காதுதான். உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, உங்க எதிர்க்கடைக்காரர் வாசல்லதான் நிக்கறார்."

எதிர்க்கடைக்காரன் பேரைக் கேட்டதும் ஏசிக்காரருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அன்றைக்கே கொண்டுபோய் மாட்டிவிட்டார். "நம்ம மெஷின்னா எப்ப வேணும்னாலும் சர்வீஸுக்குக் கழட்டலாம்ல" என்று வீட்டில் சொன்னார். மனைவியும் மகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

நல்ல மெஷின்கள், அதில் குறை சொல்ல முடியாது. மீட்டர் பதினாறுக்கு இறங்கியது. பிரிவு கவலையுடன் கூடி விவாதித்து, கொளுத்தும் ஒரு மத்தியானத்தில் புதிய சுற்றறிக்கை விட்டது: கடும் குளிரிலிருந்து வீரர்களைக் காக்கும் பொருட்டு, ஸ்வெட்டர் அணியாமல் எவரும் மைதானத்தில் கால்வைக்கக் கூடாது.

மகள் சாயங்காலம் வந்து, வேர்வையில் நனைந்து கனத்த ஸ்வெட்டரைக் கழற்றி அப்பாவின் மடியில் போட்டாள்.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஓடணுமாம்பா."

"அக்கிரமம். மனுஷன் செய்யற வேலையா இது? விடமாட்டேன் பாரு" என்று குதித்து எழுந்தவர், ஸ்வெட்டரின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். உள்ளே திருப்பித் தையலைப் பார்த்தார். கோபம் இன்னும் ஏறியது.

"இந்த மட்டமான சரக்கை எவன்கிட்ட வாங்கினாங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதி விலைக்குப் பேசிக் குடுத்திருப்பேனே."