நாகநாதன் என்னும் கருவி

“ஒரே ஒரு தடவை ‘நாகநாதா’ன்னு சொல்லும்மா, போதும்,” என்றான் மதிவாணன்.

பிரகதாம்பாள் மின்விசிறியைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். கடைசியாக, கதவருகே சேற்றுக் காலோடு நின்ற கணவரைப் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கணவரின் பெயர் நாகநாதன்.

அந்தப் பெட்டி, தஞ்சாவூரில் மதிவாணனும் இரண்டு நண்பர்களும் நடத்தும் சிறு நிறுவனத்தின் மூன்றாண்டு உழைப்பு. கை விரல்கள் இயங்காதவர்கள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆணையிட்டால், விசிறியைப் போடும், விளக்கை அணைக்கும், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் ஓட்டும். எந்தப் பெயரை வேண்டுமானாலும் சூட்டலாம். முதல் பெட்டிக்கு அவன் பெருமையோடு தன் அப்பாவின் பெயரைச் சூட்டியிருந்தான்.

முடக்குவாதம் பிரகதாம்பாளின் விரல்களையும் முழங்கால்களையும் மடக்கிப்போட்ட நாளிலிருந்து, நாகநாதன் வயலை மறந்து ஸ்விட்ச் பலகைக்கு அருகிலேயே குடியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை மகன் பெட்டியை மாட்டினான். திங்கட்கிழமையே அவர் குறுவை நடவுக்கு இறங்கிவிட்டார். தம் பெயரில் ஒரு கருவி இருக்கும் செய்தியைத் தாராசுரம் டீக்கடை வரை கொண்டு சேர்த்தாயிற்று.

இன்று பதினொரு மணிக்கு, முதியோர் இல்லம் நடத்தும் அமலோற்பவம் நேரில் வருகிறார். அவருக்கு நிறைவாக இருந்தால், இல்லத்தின் நாற்பது கட்டில்களுக்கும் நாற்பது பெட்டிகள்.

“போன்ல கேட்டப்பல்லாம் நல்லா வேலை செய்யுதுன்னுதானே சொன்னே?”

“நல்லாத்தாண்டா செய்யுது.”

“அப்ப கூப்பிட்டுக் காட்டு.”

“கட்டின புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்றியே, நீயெல்லாம் என்னத்தடா படிச்சே?”

மதிவாணனுக்கு அப்போதுதான் உறைத்தது. குரலின் நடுக்கம், பல்லில்லாத வாயின் உச்சரிப்பு, பேச்சுக்கு நடுவே வரும் இருமல் என அனைத்தையும் கருத்தில் கொண்ட அவனது வடிவமைப்பு, நாற்பத்தொரு ஆண்டு இல்லறத்தை மட்டும் கருத்தில் கொள்ளவில்லை.

“அப்ப ஒரு வாரமா காத்தே இல்லாமப் புழுங்கிக்கிட்டா உக்காந்திருந்தே?”

பிரகதாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் மத்தியானம் வர்றப்ப ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு,” என்றார் நாகநாதன். “காலைல நானே போட்டுட்டுப் போயிருப்பேன் போல.”

மதிவாணன் மடிக்கணினியைத் திறந்து, பெட்டியின் பெயரை ‘அப்பா’ என்று மாற்றினான். “இதுல யாரு மரியாதையும் கெடாது.”

சிக்கல் தீர்ந்த நிம்மதியில் நாகநாதன் நாற்காலியில் சாய்ந்தார். “அப்பா…”

“சொல்லுங்கள், காத்திருக்கிறேன்,” என்றது பெட்டி.

“அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க!”

“சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.”

பிரகதாம்பாள் முழங்காலை நீட்டினாள். “யப்பா, வலி உயிர் போவுது.”

“சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.”

மூட்டு வலிக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்பாவை அழைப்பார் என்பதையும் வடிவமைப்பு கருத்தில் கொள்ளவில்லை.

“நான் அவரை எப்பவும் கூப்பிடுற மாதிரியே வச்சுடேன்,” என்று பிரகதாம்பாளே வழி சொன்னாள். பெட்டி ‘என்னங்க’ ஆயிற்று.

“என்னங்க!” என்றாள் அவள், கணீரென்று.

கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நாகநாதன் ஓடிவந்தார். “என்ன பிரகதா?”

“உங்களை இல்ல. அதை.”

அவர் கொல்லைக்குத் திரும்பினார்.

“என்னங்க!”

மறுபடியும் ஓடிவந்தார். அந்தச் சொல்லுக்கு எழுந்து வருவது அவருடைய கால்களின் பழக்கம். அதைத் திருத்தும் மென்பொருள் இன்னும் எழுதப்படவில்லை. “என்ன, மோட்டார் போடணுமா?”

ஆணைக்காகக் காத்திருந்த பெட்டி அதைப் பிடித்துக்கொண்டது. “மோட்டார் இயங்குகிறது.”

அதே நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மூவரும் மோட்டாரை மறந்தார்கள்.

அமலோற்பவம் தம் சக்கர நாற்காலியை யாரையும் தொடவிடாமல் தாமே தள்ளிக்கொண்டு வந்தார். படியோரத்துச் சிமெண்டுச் சரிவைக் கண்டதும் நின்றார்.

“இது யாரு போட்டது? பாதி வீட்டுல என் சோலி வாசப்படியோட முடிஞ்சிரும்.”

“நான்தான் மேடம். அம்மா நாற்காலிக்காக.”

“சரி. இப்பப் பொட்டிக்கு வருவோம்.” உள்ளே வந்து நோட்டைப் பிரித்தார். “எனக்கு முன்னாடி ஓட்டிக் காட்ட வேணாம் தம்பி. விக்கிறவன் பக்கத்துல நின்னா எல்லா மெஷினும் ஓடும். ஆள் யாரும் இல்லாதப்ப, யாரையும் கெஞ்சாம, இந்தம்மா தானா ஃபேனைப் போட்டுக்குறாங்களா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க.”

மதிவாணனால் பொய் சொல்ல இயலவில்லை. “இல்லைங்க மேடம். அம்மா வாயால சொல்ல முடியாத பேரை வச்சுட்டேன். ஒரு வாரமா ஒரு தடவைகூட அவங்க கூப்பிடல. தப்பு என்னோடதுதான்.”

“எனக்காக வெந்து கெடந்திருக்கா மேடம்,” என்றார் நாகநாதன். குரல் தழுதழுத்தாலும் மீசை தானாக நிமிர்ந்துகொண்டது. “நாப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் இவ வாயில என் பேரு வந்ததில்ல.”

பிரகதாம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; அந்த மீசையைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். அமலோற்பவம் நோட்டை மூடினார்.

அப்போது பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி கையில் சொட்டச் சொட்ட ஒரு முறத்தோடு உள்ளே வந்தார். “தொட்டி வழிஞ்சு என் வடகமெல்லாம் கூழாப் போச்சு! மோட்டாரை நிறுத்தச் சொல்லி அந்தப் பொட்டியைக் கூப்பிட்டாத்தான் என்ன?”

“அதுக்கு அப்பா பேரைத்தான் வச்சிருந்தேன் அத்தை. அம்மாவால அதைச் சொல்ல முடியல,” என்றான் மதிவாணன்.

“யாரு, அக்காவாலயா?” ஜன்னத் பீவி முறத்தைக் கீழே வைத்தார். “அண்ணன் வயலுக்குக் கிளம்பினதும், ‘டேய் நாகநாதா, ஃபேனைப் போடு! டேய் நாகநாதா, அணைடா! ம், மறுபடி போடுடா!’ன்னு ஒரு வாரமா அக்கா போடுற அதட்டு எங்க அடுப்படி வரைக்கும் கேக்குதே!”