உங்கள் அத்தையின் கம்ப்யூட்டரில் எத்தனை ஜிபி?

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புமிக்க மாப்பிள்ளை அன்புச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் தங்கராசு எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, கம்ப்யூட்டர் மூவரும் நலம். இதில் மூன்றாவது ஆள் நலமானது நேற்று மாலைதான் என்பதால் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் நீங்கள் சிரிப்பதை அடக்கிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள், "மாமா, புது மெமரி வாங்கறதுக்கு முன்னாடி, இப்ப எவ்வளவு இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க, நானே அனுப்பி வைக்கிறேன்" என்றீர்கள். நான் சற்றும் யோசிக்காமல் ஐந்நூறு என்றேன். நீங்கள், "அது ஹார்ட் டிஸ்க் மாமா, நான் கேக்கறது ரேம்" என்றீர்கள். தெரியும் தெரியும், சும்மா சொன்னேன் என்றேன். எனக்குத் தெரியாது மாப்பிள்ளை.

உங்களையே அனுப்பச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அது வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத நிலைமை அத்தைக்கு. பழமலைநாதர் கோயிலில் மார்கழிக்கு மார்கழி முன்வரிசையில் நின்று பாடியவள், இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஆறு பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறாள் அல்லவா? பாட்டு நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். நான் எட்டிப் பார்த்தால் திரையில் அவள் வாயைத் திறந்தபடி சிலை மாதிரி இருப்பாள், பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கத்திக்கொண்டிருக்கும். துபாயில் இருக்கும் வெண்பா என்ற பிள்ளையின் அம்மா, இப்படியே போனால் வேறு வகுப்பில் சேர்த்துவிடுவதாக மரியாதையாக எழுதியிருந்தார். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. "எனக்கு இதெல்லாம் எதுக்குங்க, வுட்டுடறேன்" என்றாள். அவள் விட்டுவிட்டால் அந்த மூன்று நாளும் என்னைத்தான் திருத்துவாள் என்பது ஒருபுறம் இருக்க, எனக்கும் மனசு கேட்கவில்லை.

ஆகவே நேற்றுக் காலை ஜங்ஷன் ரோட்டில் பிரவீன்குமார் என்பவரின் கடைக்குப் போனேன். "டிடிஆர் மூணா சார், நாலா சார்?" என்றார். மெமரியில் அப்படி வகை உண்டாம். மூன்றைவிட நாலு பெரியதுதானே, நாலே கொடுங்கள் என்றேன். "பழைய சிஸ்டமா இருந்தா பாத்துட்டு வாங்க சார்" என்றுதான் சொன்னார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பழைய மெமரிப் பட்டையைக் கழற்றி, புதியதை வைத்து அழுத்தினால் உட்காரவில்லை. நீளம் ஒன்றுதான், நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் ஒரு நூல் தள்ளி இருக்கிறது. முப்பது வருடம் செராமிக் கம்பெனியில் வாஷ்பேசினைத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடித்தவன் நான், பொருந்தாத மூடியை அழுத்தாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! "அழுத்தாதீங்க, ஒடஞ்சிடப் போவுது" என்று அத்தை சொன்ன பிறகும் இரண்டு முறை அழுத்தினேன். சரி போகட்டும் என்று பழையதையே மாட்டி சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் பீப், பீப் என்று கத்துகிறது, திரை கரி மாதிரி இருக்கிறது. மணி மூன்று. ஐந்துக்கு வகுப்பு. அத்தை ஒரு துண்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெட்டியை அதில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பிரவீன்குமார் பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரை எடுத்து அதன் பல்லைத் தேய்த்து, டக்கென்று உட்கார வைத்தார். உயிர் வந்துவிட்டது. அப்புறம் மூன்று பட்டன்களை ஒன்றாக அழுத்தினார், ஒரு சின்ன கட்டம் வந்தது, அதில் மெமரி என்ற இடத்தைத் தொட்டார். "பாருங்க சார், மொத்தம் நாலு ஜிபி. ரெண்டு ஸ்லாட்டு, ஒண்ணு காலி. வேகத்தப் பாத்தாலே டிடிஆர் மூணுன்னு தெரியுது, பட்டையிலயும் அதான் போட்டிருக்குது."

"இதைப் பார்க்க எதையாவது கழற்ற வேண்டுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் சார். வூட்லயே உக்காந்து பாத்திருக்கலாம்."

கடையில் இருந்த இன்னும் இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர், டிடிஆர் நாலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டிடிஆர் மூன்றில் நாலு ஜிபி பட்டை ஒன்றைக் காலி இடத்தில் அவரே மாட்டிவிட்டார். இப்போது எட்டு ஜிபி. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வீட்டில் இறங்கினேன். வகுப்பு முழுக்க ஒரு இடத்தில்கூடப் பாட்டு நிற்கவில்லை மாப்பிள்ளை! வெண்பாவின் அம்மா போனில் கும்பிடும் கைப் படம் மூன்று அனுப்பியிருந்தார். ராத்திரி நான் கேட்காமலே அத்தையிடமிருந்து இன்னொரு தோசை வந்தது. மெமரி என்றால் என்ன, அதை எப்படிப் பார்ப்பது என்று இனி இந்தத் தெருவில் யார் கேட்டாலும் நான் சொல்வேன்.

மகள் சண்முகப்ரியாவுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கராசு.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. கம்ப்யூட்டரு ஒரு நாளும் நிக்கலைங்க. அடுத்த வரி மறந்துபோனா நான்தான் வாயத் தொறந்தபடியே ஆடாம உக்காந்துக்குவேன். நெட்டு போயிடுச்சின்னு புள்ளைங்க நெனச்சிக்கும்" என்றாள். அப்படியானால் நேற்று மட்டும் எப்படி நிற்கவில்லை என்று கேட்டேன்.

"நேத்து புஸ்தகத்தப் பாத்துப் பாடுனேன்."