வலப்பக்கம் சுற்றிய போக்கர்

டென்மார்க்கில் உள்ள தமிழரில் என்னைப்போல் போக்கர் விளையாட ஒருவரும் இல்லை. (சரி, பொய். என்னைப்போல் அவமானப்பட ஒருவரும் இல்லை.)

நான் விளையாடியது எல்லாம் கணினியில்தான். விபோர்க்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும் சாரத்தைக் கட்டிக்கொண்டு சோபாவில் சரிவேன். என் முறை வந்தால் பொத்தான் மின்னும், அமத்துவேன். ஒருநாள் எப்படியோ வென்று தொலைத்தேன். பரிசு, கோல்டிங்கில் ஆட்களோடு நேருக்கு நேர் விளையாடும் போட்டியில் ஓர் இடம்.

மனைவி சுகந்தி ஒரு நிபந்தனை போட்டாள். "இஞ்சருங்கோ, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை வரைக்கும் நிண்டுபிடிச்சியள் எண்டால் நான் இனி வாய் திறக்கமாட்டன். இல்லாட்டில் கொம்பியூட்டர் பிள்ளைக்கு. உங்கட போக்கரும் அதோட சரி."

"ஓம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. (நெஞ்சு நிமிரவில்லை. வயிறுதான்.)

சிக்கல் என்னவென்றால், உண்மையான சீட்டைக் கையால் தொட்டே பல வருசம். பிடித்துப் பழகவேண்டும். பயிற்சிக்கு மகேந்திரன் அண்ணை வீட்டுக்குப் போனேன். ஞாயிறு தவறாமல் எங்கள் ஊர்ச் சீட்டாட்டமான 304 விளையாடுகிற மனிசன்.

"அண்ணை, உங்களுக்குப் போக்கர் தெரியுமோ?"

"அதென்னடா பெரிய போக்கர்? சீட்டு எண்டால் சீட்டுத்தானே. இரு, 304 போடுவம்."

இரண்டு கிழமை, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து ஒவ்வொரு பின்னேரமும் 304. நல்ல சீட்டு வந்தால் மெதுவாக வைக்கக் கூடாதாம். "ஓங்கிக் குத்தடா! மேசை அதிரோணும். எதிரில இருக்கிறவனுக்கு ஈரல் கலங்கோணும்." நானும் குத்தினேன். அண்ணியின் தேத்தண்ணிக் கோப்பைகள் துள்ளின.

ஒன்றை மட்டும் அண்ணையும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. 304இல் முறை வலப்பக்கமாகச் சுற்றும். போக்கர் இடப்பக்கமாகச் சுற்றும்.

போட்டியன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். (சீட்டு தெரியவில்லை. கழற்றிவிட்டேன்.) முதல் ஆட்டம். எனக்கு இடப்பக்கம் இருந்த தாடிக்காரர்தான் தொடங்கவேண்டும். அவர் பந்தய வில்லைகளைத் தள்ளினார். அவருக்கு வலப்பக்கம் நான், உடனே நானும் தள்ளினேன். மேசையைச் சுற்றி ஏழு பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

சீட்டுப் போடுகிற பெண் டேனிஷில் மிக அன்பாகச் சொன்னாள்: "உங்கள் முறை இன்னும் வரவில்லை."

தலையாட்டினேன். மூளைக்கு விளங்கியது. கைக்கு விளங்கவில்லை, அது அண்ணையிடம் படித்த கை. தாடிக்காரர் அசைந்தால் போதும், அது பாயும். மூன்றாம் தரம் எழுப்பி, ஒரு சுற்று முடியும்வரை சுவரோரம் நிற்க வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படி நின்றேன்.

திரும்பி வந்து இருந்தேன். கையில் இரண்டு ராசாச் சீட்டு! என் காது சிவந்தது. தாடிக்காரர் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். அவ்வளவுதான். எழும்பி, இரண்டு ராசாவையும் முகம் தெரிய ஓங்கிக் குத்தினேன். "இந்தா!"

மேசை அதிர்ந்தது. தாடிக்காரரின் கோப்பி அவர் மடியிலேயே கொட்டியது.

ஆட்டம் முடியமுன் சீட்டைக் காட்டுவது போக்கரில் குற்றமாம். மேற்பார்வையாளர் வந்தார். கத்தவில்லை. கை கொடுத்து, வந்ததற்கு நன்றி சொல்லி, கதவு எங்கே இருக்கிறது என்றும் காட்டினார்.

வெளியே வந்து சுகந்திக்குப் போன் அடித்தேன்.

"என்ன, இடைவேளையோ?"

"ஓம்."

"எல்லாருக்குமோ?"

"இல்லை. எனக்கு மட்டும்."

அங்காலே கேட்டது, போனைத் தூரப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் நான் குறுக்கே வாய் திறந்தால், "பொறுங்கோ, உங்கட முறை வரேல்லை" என்பாள். மகேந்திரன் அண்ணையோ, "நான் படிப்பிச்சதில பிழையில்லை, அவங்கள்தான் மாறிச் சுத்துறாங்கள்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

ஆனாலும் நீங்கள் ஒன்றை அறியவேண்டும். தாடிக்காரர் வாசல்வரை ஓடி வந்து தன் சீட்டு என்னவென்று என்னிடம் சொன்னார். சும்மா இருந்திருந்தால் அன்றைக்கு நான்தான்...

"அப்பா! எழும்புங்கோ. அது என்ர கொம்பியூட்டர்!"

என் மகள். மற்ற எல்லாவற்றுக்கும் டேனிஷில்தான் பதில் சொல்லுவாள். இந்த வசனம் மட்டும் சுத்தத் தமிழில் வரும்.

"ஒரு நிமிசம் பிள்ளை, அந்த ஆளின்ர சீட்டு என்னெண்டு மட்டும் எழுதிப்போட்டு..."