இரண்டாம் மாடியின் வெளியுறவுக் கொள்கை

முதல் மாடியில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு மாடி ஏறி வந்து, கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்ட பிறகுதான் லியோனார்டுக்கு உறைத்தது. தூக்கைக் காலியாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ராஜா அண்ணாமலைபுரத்தின் அந்த மூன்று வீட்டுக் கட்டடத்தில் இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டாம் மாடியிலிருந்து கேக் இறங்கும். பக்ரீத்துக்கு முதல் மாடியிலிருந்து கரீமுல்லா பாயின் மனைவி சகினா செய்த பிரியாணி ஏறும். போன பாத்திரம் திரும்பும்போது உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி டோரதி. அவள் இப்போது கோயம்புத்தூரில், மகள் லிசாவுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருக்கிறாள். குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் திரும்பும்வரை லியோனார்டுக்கு மத்தியானச் சாப்பாடு சகினா வீட்டிலிருந்து தூக்கில் வரும். கிளம்பும்போது இரண்டே கட்டளைகள்தான் போட்டிருந்தாள். "சகினா மனசு கோணாம நடந்துக்கோங்க. இந்த ஊர்ல எனக்குக் கூடப்பிறந்தவள்னா அவதான். அப்புறம், உங்க சுகருக்கு இனிப்புப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. ஏதாச்சும் கேள்விப்பட்டேன், போட்டது போட்டபடி கிளம்பி வந்துடுவேன்."

வந்தும் விடுவாள். பச்சைக் குழந்தையோடு லிசா தனியாகத் திண்டாடுவாள். அதனால் கோயம்புத்தூருக்கு ஒரு சேதியும் போகாமல் காரியத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று லியோனார்ட் முடிவு செய்தார். கல்லூரியில் முப்பது வருஷமாகப் பன்னாட்டு அரசியல் கற்பிக்கிறவர் அவர். நாடுகள் முறைத்துக்கொள்வதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு தூக்கு அவருக்கு எம்மாத்திரம்?

மறுநாள் மத்தியானம் தூக்கு திரும்பி வந்தது. உள்ளே சப்பாத்தியும் கோழிக்குழம்பும். லியோனார்ட் ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் யோசித்தார். காலியாக அனுப்பியவருக்கு நிரப்பி அனுப்புகிறார்கள் என்றால் குத்திக்காட்டுகிறார்கள் என்றுதானே பொருள்?

சமநிலையை உடனே மீட்டாக வேண்டும். மந்தைவெளிக்கு நடந்துபோய் பேக்கரியில் பிளம் கேக்கும் தேங்காய் பன்னும் வாங்கித் தூக்கை நிரப்பினார். முதல் மாடியில் சகினா மூடியைத் திறந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"இது எங்கண்ணா வாங்குனீங்க?"

"மந்தைவெளி பேக்கரில."

"அங்கதான் டெய்லி போறீங்களா?"

தெருமுனைக் கடைச் சரக்கு என்று இளக்காரமாக நினைக்கிறாள் என்று லியோனார்ட் புரிந்துகொண்டார். கூச்சத்தில் சும்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த முறை தூக்கில் பாகற்காய் வந்தது. வெல்லமோ புளியோ காட்டாமல் வதக்கிய பாகற்காய், கூடவே கேழ்வரகுக் களி. சகினாவின் பிரியாணிக்கு அடையாறிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வருவார்கள். அந்தக் கையிலிருந்து பாகற்காய் தற்செயலாக வந்திருக்க முடியாது. தூதரகத்தை மூடுவதற்கு முன்னால் நாடுகள் இப்படித்தான் ஜாடை காட்டும்.

தெருமுனைக் கடைதானே குற்றம்? பஸ் ஏறி தி. நகருக்கே போனார். கூட்டத்தில் நசுங்கி, நெய் மினுங்கும் மைசூர்பாகு வாங்கினார். விஷயம் பெரிது, தரம் பார்க்காமல் அனுப்ப முடியாது என்று ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். ஒரு துண்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று இன்னொன்றும். இரண்டும் நன்றாக இருந்தன.

அதற்குப் பதிலாக வந்தது அகத்திக்கீரை. அடித்தட்டில் வெந்தயக் கஞ்சி.

மாடிப்படியில் எதிர்ப்பட்ட கரீமுல்லா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், மூஞ்சி வீங்குனாப்ல கீது? உடம்புக்கு எதுனா பண்ணுதா?"

நலம் விசாரிக்கிற சாக்கில் மிரட்டுவதும் சரித்திரத்தில் உண்டு. "ஒண்ணும் இல்ல பாய்," என்று சொல்லி லியோனார்ட் நழுவினார்.

அன்றைக்கு வகுப்பில் முதல் உலகப் போர் வந்தது. யாருக்கும் அந்தப் போர் வேண்டியிருக்கவில்லை என்பதை அவர் மூன்று தடவை சொன்னார். "இவன் தற்காப்புக்குன்னு ஒண்ணு செய்வான். அதை அவன் மிரட்டல்னு எடுத்துக்கிட்டு, தன் தற்காப்புக்கு இன்னும் கொஞ்சம் கூடச் செய்வான். ரெண்டு பேரும் நல்லவங்கதான்." பிறகு, ரகசிய ஒப்பந்தங்கள்தான் எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தன என்றார். யார் யாரோடு சேர்ந்து என்ன பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதவன் ஏமாந்துபோவான் என்பதை எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் படைக்குறைப்பு செய்து பார்த்தார். அதாவது, தூக்கைத் திருப்பியே அனுப்பவில்லை. மறுநாள் சாப்பாடும் வரவில்லை. ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தபோது டோரதி போன் செய்தாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"இனிப்பு எதுவும் தொடலியே?"

"சேச்சே."

அவள் சட்டென்று போனை வைத்தாள். வழக்கமாகக் குழந்தையின் மூக்கைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவள். லியோனார்டுக்கு நிஜமாகவே பயம் வந்தது. தன்னால் ஒரு நல்ல சிநேகிதம் கெட்டுப்போகிறதே என்று துக்கமாகவும் இருந்தது. டோரதிக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் சகினா.

இனி மத்தியஸ்தம்தான் வழி. நடுநிலை நாடு ஒன்று கைவசம் இருந்தது. தரைத்தளத்து ஸ்ரீரஞ்சனி கேக்கில் முட்டை என்றும் பிரியாணியில் கறி என்றும் இரண்டையும் தொடாதவள். தூக்குப் போக்குவரத்தில் அவளுக்குச் சம்பந்தமே கிடையாது. சாயங்காலம் கழுவிய தூக்கோடு போய் அவள் வீட்டு வாசலில் நின்றார்.

ஸ்ரீரஞ்சனி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "உக்காருங்கோ. சகினாவையும் கூப்பிடறேன்," என்றாள். காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். மத்தியஸ்தரிடம் குறை சொல்லக் கூடாது என்று லியோனார்ட் மடக்மடக்கென்று குடித்தார். ஜன்னலுக்கு வெளியே அவள் வளர்க்கிற அகத்தி மரத்தின் கீழ்க்கிளைகள் மொட்டையாக இருந்தன. பேச்சுவார்த்தைக்கு வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தவர் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

சகினா தலை முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து உட்கார்ந்தாள். லியோனார்ட் எழுந்து நின்றார்.

"தப்பு என்னுதும்மா. அன்னிக்குத் தூக்கைக் காலியாக் குடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காத. டோரதி காதுக்கும் இது போக வேணாம். அவ லிசாவையும் குழந்தையையும் விட்டுட்டு ஓடி வந்துடுவா."

சகினா திகைத்துப்போய் ஸ்ரீரஞ்சனியைப் பார்த்தாள். "காலியா வந்தப்ப நாங்க எவ்ளோ சந்தோஷப்பட்டோம் தெரியுமாண்ணா?" என்றாள்.

லியோனார்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்ரீரஞ்சனி அவர் கையிலிருந்த தூக்கை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"டோரதி போறச்சே எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனா, சார். 'பாத்திரத்தைக் காலியாத் திருப்பக் கூடாதுன்னு அவருக்குத் தோணவே தோணாது. அதனால தூக்கு காலியா வந்தா ஆத்துச் சாப்பாடு சாப்பிடறார்னு அர்த்தம், மறுபடி ரொப்பி அனுப்புங்கோ. இனிப்போட வந்தா கடைகடையாச் சுத்திண்டு இருக்கார்னு அர்த்தம், கசப்பாக் குடுத்துட்டு எனக்கு போன் பண்ணுங்கோ'ன்னா. கேக் வந்தப்போ பொறுத்துண்டோம், மைசூர்பாகு வந்த அன்னிக்கு பண்ணிட்டோம். இன்னிக்கு மத்தியானமே வண்டி ஏறிட்டா, இப்ப காட்பாடி தாண்டியிருப்பா."