முப்பத்து நாலு டிகிரியில் கருகிய கோழிகள்

ஒன்றுமே தெரியாதவரால் எந்த எந்திரத்துக்கும் ஆபத்தில்லை. பயந்து தொடவே மாட்டார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து மூன்றே வாரம் ஆனவரிடமிருந்துதான் அதைக் காப்பாற்ற வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில், அந்த மூன்று வாரக்காரி நான்.

அக்கா குழந்தைக்கு முதல் பிறந்தநாள். சனிக்கிழமை மதியம் விருந்து. ஏரலிலிருந்து அத்தான் வீட்டார் வருகிறார்கள், ஜெபம் பண்ண ஐயர் (எங்கள் கோயில் போதகரை அப்படித்தான் அழைப்போம்) வருகிறார். கப்பலில் வேலை பார்த்த அத்தான், அந்த முறை ஒரு கரண்டுப் பெட்டி கொண்டுவந்திருந்தார். உள்ளே கோழிகளைத் தொங்கவிட்டு, மரச்சில்லுகளைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் புகையிலேயே வெந்துவிடுமாம். சென்சார் என்று பென்சில் நீளக் கம்பி ஒன்று உள்சூட்டை அளந்து முகப்பில் காட்டும். நூற்றுப் பத்து வந்ததும் பெட்டி தானாக அடங்கும்.

அன்று காலை முகப்பில் எண்ணே வரவில்லை. வெறும் கோடுகள்.

"ஏட்டி, பேசாம ஆட்டுக்கறி எடுத்திருவமா?" என்றாள் அக்கா.

"எதுக்கு? நான் எதுக்குப் படிச்சிருக்கேன்?" என்றேன். (இந்தக் கேள்விக்கு வீட்டில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.)

பின்பக்க ஓட்டை வழியாகக் கம்பியை வெளியே உருவி, அதன் ஒயரைக் கழற்றினேன். ஐஸ் தண்ணீரில் முக்கி மீட்டர் வைத்தேன், பெரிய எண். வெந்நீரில் முக்கினேன், சின்ன எண். தலை சுற்றியது. சூடு ஏறினால் எண்ணும் ஏறத்தானே வேண்டும்? திரும்ப ஐஸ், திரும்ப வெந்நீர். அரைமணி நேரம் அந்தக் கம்பிக்கு மாறி மாறி ஞானஸ்நானம் கொடுத்தேன். (அந்த வகைச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். இன்று அதை வகுப்பில் பாடமாகவே நடத்துகிறேன்.) ஒன்றும் புரியாமல் ஒயரைத் திரும்ப அழுத்திச் செருகினால், முகப்பில் பளிச்சென்று முப்பத்து நாலு!

அத்தான் கைதட்டினார். எட்டுக் கோழிகளும் உள்ளே போயின.

அரைமணி கழித்தும் முப்பத்து நாலு. சூட்டைக் கூட்டச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்தும் அதேதான். பெட்டிக்குப் பின்னால் நான் குனிந்து பார்த்தால் முப்பத்தைந்து. நிமிர்ந்தால் மறுபடி முப்பத்து நாலு.

"உன்னப் பாத்தா மட்டும் அதுக்குச் சூடு ஏறுதோ?" என்றார் அத்தான்.

அக்கா மூக்கைச் சுளித்தாள். "எதோ கருகுத வாடை அடிக்கே."

"முப்பத்து நாலுல எப்படிக்கா கருகும்? வெளியவே அவ்வளவு சூடு இருக்கு!" என்று அதட்டினேன். என் வாயாலேயே விடையைச் சொன்னேன், எனக்குத்தான் கேட்கவில்லை.

ஐயர் வந்தார். அதிசயப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தவர், பின்பக்கம் நின்று, "இது எதுக்கும்மா இங்கன தொங்குது?" என்றார். அவர் விரல்களுக்கு நடுவே சென்சார். முகப்பில் எண் முப்பத்தைந்தாகி, முப்பத்தாறானது.

ஒயரைச் செருகிய நான் கம்பியை உள்ளே வைக்க மறந்திருந்தேன். அது பாவம், பாளையங்கோட்டை வெயிலைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தோம். உள்ளே எட்டுக் கரிக்கட்டைகள். ஏரல் சம்பந்தி வீட்டார் முட்டைப்பொரியலும் அப்பளமும் தின்றுவிட்டு, "சாப்பாடு பிரமாதம்" என்று அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐயர் பேசினார், மறுநாள் பிரசங்கத்தில். "கருவியில ஒரு குறையும் இல்ல. உள்ள இருக்க வேண்டியது வெளிய நிக்கி, அவ்வளவுதான்" என்று கோயில் வாசலில் அரட்டையடித்தவர்களைக் கைகாட்டினார். சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

அன்றிலிருந்து எங்கள் சபையில் ஆராதனை நேரத்தில் வெளியே நிற்பவர்களுக்குப் பெயர் சென்சார். நாலு வருடம் கழித்து என் கல்யாணம். மாப்பிள்ளை வாசலில் போட்டோவுக்கு நின்றுகொண்டே இருக்க, அத்தான் கோயில் அதிரக் கூவினார்:

"ஏலே, யாராவது அந்தச் சென்சார உள்ள கொண்டாங்கலே! இவ மறந்திருவா!"

என் கணவருக்குக் குடும்பத்தில் இன்றும் அதுதான் பெயர். அக்காவின் பேரப்பிள்ளைகள்கூட சென்சார் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.