மிஸ்ஸிங் அடித்த காரும் டிப்ளமோ படித்த நானும்

படிக்காதவன் காரைத் தொடமாட்டான். நன்றாகப் படித்தவன் தொட்டால் சரிசெய்துவிடுவான். படித்தது பாதி, புரிந்தது கால் என்று நடுவில் ஓர் இனம் இருக்கிறது பாருங்கள், அதுதான் கார்களுக்கு எமன். எழுபதுகளின் தொடக்கத்தில் காரிமங்கலத்தில் அந்த இனத்துக்கு நான் ஒருவனே பிரதிநிதி.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வேலைக்குக் காத்திருந்த நேரம். அப்பாவுக்குப் புளி மண்டி. எங்களுக்கு முன் மூன்று பேர் ஓட்டிச் சலித்த ஒரு கறுப்புக் காரை அவர் வாங்கியிருந்தார். அந்த ஐப்பசியில் அது மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. நாலு சிலிண்டரில் ஒன்றோ இரண்டோ வேலைக்கு வராது. வண்டி முக்கும், குலுங்கும், பின்னால் 'டப்' என்று வெடிக்கும். கொஞ்ச தூரம் போனால் தானாகச் சரியாகிவிடும். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி.

"எதுக்குப்பா மெக்கானிக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்று பானெட்டைத் தூக்கினேன்.

முதல் நாள் பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சந்தைமேடு வரை ஓட்டிப் பார்த்தேன், போகப் போக ஜம்மென்று ஓடியது. "சரியாயிடுச்சுப்பா!" மறுநாள் டப். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, அப்பாவின் வேட்டியைக் கிழித்து வடிகட்டினேன். ஓடியது. "சரியாயிடுச்சுப்பா!" மறுநாள் டப். கார்ப்பரேட்டரைப் பிரித்து வாயால் ஊதினேன் (இரண்டு நாள் ரசத்தில்கூட பெட்ரோல் மணத்தது). அதற்கும் ஓடியது, அதற்கும் மறுநாள் டப்.

டிஸ்ட்ரிபியூட்டரையும் நான் விட்டுவைக்கவில்லை. ஏரி மடையில் முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் திறப்பார்களே, அதைப்போல நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் பிரித்துக் கொடுப்பது அதுதான். மூடியைக் கழற்றினேன். உள்ளே நாலு பித்தளை முனைகளிலும், ஆயுத பூஜைக்கு நானே வைத்த சந்தனமும் குங்குமமும் மங்களகரமாக இருந்தன. மற்றவர்கள் பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். டிப்ளமோ படித்தவன் அப்படி மேலோட்டமாகச் செய்யலாமா? 'இங்கே குறை இருக்க வழியே இல்லை' என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடிவிட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் என் தங்கை மல்லிகாவைப் பெண் பார்க்க ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வருவதாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் மொரப்பூரில் இறங்குகிறார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அவர்கள் எங்கள் வீட்டில் கால் வைத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா சரியாகச் சாப்பிட்டே மாதக்கணக்காகிறது. மல்லிகாவோ மாப்பிள்ளை போட்டோவை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்து, ஒரு நாளைக்கு நாலு தடவை அரிசி அளந்துகொண்டிருந்தாள்.

"டாக்சி சொல்லிடறேன்டா," என்றார் அப்பா.

"வூட்ல காரை வெச்சிக்கிட்டு டாக்சியா? நம்ம மானம் என்னாவறது?"

மானம் என்ன ஆனது என்றுதான் சொல்லப்போகிறேன்.

போகும்போது பத்து மைல் முக்கிவிட்டு அப்புறம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரு மணிக்கு வரவேண்டிய ரயில் வரவில்லை. ஒன்றரைக்கும் வரவில்லை. எனக்கோ நின்றால் நிலைகொள்ளவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. பிளாட்பாரத்தை அளந்தேன். டயரை உதைத்தேன். வாட்ச்சைக் காதில் வைத்துக் கேட்டேன். வெளியே தூறல் வேறு பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன், பூசாரி இலையில் ஈரச் சந்தனமும் குங்குமமும் கொடுத்தார். சும்மா இருந்த கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, நாலு முனைக்கும் கெட்டியாகப் புதுப் பொட்டு வைத்தேன்.

ரயில் இரண்டேகாலுக்கு வந்தது. வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை, அவருடைய தாய்மாமன், நெற்றி நிறையப் பொட்டும் பட்டுப்புடவையுமாக அவருடைய அம்மா. மாப்பிள்ளையின் அப்பா லாரி முதலாளி, ஒரு லோடு விஷயமாக பெங்களூரில் மாட்டிக்கொண்டாராம். அந்த அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினேன். டப்!

"என்னா தம்பி அது?"

"ஒண்ணுமில்லீங்க. இன்ஜின் தொண்டையக் கனைக்குது. போகப் போக சரியாயிடும்."

போகப் போக மோசமானது. ஒரு ஃபர்லாங்குக்கு ஒரு டப். ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள் எங்களைப் பார்த்ததும் வயலுக்குள் இறங்கின. ஒரு மேட்டில் வண்டி நின்றேவிட்டது. மாப்பிள்ளையும் மாமனும் இறங்கித் தள்ளினார்கள். இன்ஜின் ஒரு கணம் பிடித்துச் சக்கரம் சுழன்றதில் வெள்ளைச் சட்டை செம்மண் சட்டை ஆனது. நான் பிளக்கைக் கழற்றினேன், மாட்டினேன். கார்ப்பரேட்டரை ஊதினேன். மணி மூன்றேகால். அவசரத்தில் ஸ்பானர் இரண்டு தடவை சேற்றில் விழுந்தது.

பின்கதவு திறந்தது. அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்.

"நவுரு தம்பி."

"உங்களுக்கு எதுக்குங்கம்மா, பட்டுப்பொடவை..."

"இருவது வருசமா எங்க வூட்டு வாசல்ல லாரி நிக்குது. நவுரு." மகனை ஹேண்டில் போட்டுச் சுற்றச் சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "இது பெட்ரோல் கோளாறு இல்ல. கரண்டு."

கிளிப்பைத் தட்டி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"இது யாரு வேல?"

"நாந்தாங்க," என்றேன் பெருமையாக. "ஆயுத பூசைக்கு வெச்சது. இப்பக்கூட பிள்ளையார் கோயில் சந்தனம் வெச்சேன்."

அவர் முந்தானையை விரலில் சுற்றினார்.

"ஐயோ, அழிக்காதீங்கம்மா! நல்ல காரியத்துக்குப் போறப்ப குங்குமத்த அழிக்கலாமா?"

"நெத்தியில வெச்சா லட்சுமி. இங்க வெச்சா ஷார்ட்டு," என்று சொல்லி, நாலு முனையையும் பாத்திரம் துலக்குவதுபோல் அழுத்தித் துடைத்தார்.

ஹேண்டிலை ஒரே சுற்று. வண்டி பிடித்துக்கொண்டது. ஒரு டப் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. அப்போதுதான் என் வைத்தியங்களின் மகிமை எனக்கே புரிந்தது. ராத்திரி பொட்டில் ஈரம் ஏறும், கரண்ட் அதன் வழியாகக் கண்ட பக்கம் ஒழுகும். ஓட ஓட இன்ஜின் சூட்டில் பொட்டு காயும், வண்டி சரியாகும். மொரப்பூரில் வைத்ததோ காயவே நேரமில்லாத கெட்டி ஈரம். உப்புத்தாளும் வேட்டியும் என் நுரையீரலும் பாவம், சும்மா கூட வந்தவை.

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு அழுகை முட்டியது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே முட்டியது. என் பவிசுக்காக மல்லிகாவின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி நாலு இருபது.

அம்மா ஓடிவந்தாள். மாப்பிள்ளையின் சட்டையையும் சம்பந்தியம்மாவின் முந்தானையையும் பார்த்து அப்படியே நின்றாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். பஜ்ஜி வந்தது. காபித் தட்டோடு மல்லிகா வந்து கும்பிட்டாள். சமைக்கத் தெரியுமா, கோலம் வருமா என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள்.

"உங்கண்ணன் காருக்குள்ள கரண்டு போற எடத்துலயெல்லாம் பொட்டு வெச்சது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

மல்லிகா என்னை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தாள்.

"தெரியுங்க. ஈரத்த உள்ள வெக்காதண்ணான்னு அன்னிக்கே சொன்னேன். 'நீயா டிப்ளமோ படிச்சே?'ன்னு அண்ணன் கேட்டுச்சுங்க."

(உண்மைதான். இதுவரை உங்களிடம்கூட மறைத்துவிட்டேன். இப்போது அவளே சொல்லிவிட்டதால் ஒப்புக்கொள்கிறேன்.)

அந்த அம்மா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு போதுங்க எங்க வூட்டுக்கு. தை மாசம் வெச்சிக்கலாம். ஒரே ஒரு கண்டிசன், கல்யாணத்துக்கு வண்டி நாங்க அனுப்பறோம்."

மல்லிகா அந்த வீட்டுக்குப் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவள் பிள்ளைகள் இப்போது ஏழு லாரி ஓட்டுகிறார்கள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். போனதும் மாலை போடுவார்கள், காபி கொடுப்பார்கள், சந்தனக் கிண்ணத்தை மட்டும் என் கைக்கு எட்டாமல் வைப்பார்கள். எல்லா வண்டிக்கும் பூஜை முடிந்தபிறகு மல்லிகா குரல் கொடுப்பாள்: "மாமாவுக்கு ஸ்டெப்னிய உருட்டிக்கிட்டு வாங்கடா!" நானும் மரியாதைக்கு ஸ்டெப்னி டயருக்கு ஒரே ஒரு பொட்டு வைப்பேன். வைத்துவிட்டு நிமிர்ந்தால், பின்னால் யாராவது ஒருவர் துணியோடு நின்றுகொண்டிருப்பார்.