வீரகத்தியின் நாரி

கமக்காரர் சங்கக் கூட்டம் குடியேற்றக் கொலனியின் பள்ளிக்கூடக் கொட்டிலில் நடந்தது. தலைவர் கதிர்காமநாதன் வாத்தியாரின் மேசைக்குப் பின்னால், அங்கிருந்த ஒரேயொரு கதிரையில் இருந்தார். காரியதரிசி அப்புத்துரை தேயிலைப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தான். மற்றக் கமக்காரர்கள் பிள்ளைகளின் வாங்குகளில், முழங்கால் நாடியில் முட்ட ஒடுங்கி இருந்தார்கள். நடுவே, மச்சான்காரன் தலையில் சுமந்துவந்து வைத்த சாய்மனைக் கதிரையில் வீரகத்தி கிடந்தார். அவர் மனைவி கமலாசனி மட்டும் உட்காரவில்லை. வாங்கில் ஒதுங்கி இடம் விட்டவர்களிடம், "உங்களைப்போல இருந்து கதைக்க எனக்கு நேரமில்லை" என்று வெட்டிவிட்டுத் தூணோடு நின்றாள்.

விசாரணை வீரகத்தியின் நாரியைப் பற்றியது.

குளத்து வாய்க்காலில் தன் காணிக்கு முன்னாலுள்ள பங்கை அவனவனே துப்பரவாக்க வேண்டும். அது கொலனி ஒழுங்கு. வீரகத்தியின் பங்கில் இரண்டு போகமாகப் புல் மண்டிக் கிடந்தது. கேட்டால் நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க ஏலாது என்றார். வயலை மச்சான் உழுது விதைத்துக் கொடுத்தான். வாய்க்காலைத் தொட ஆளில்லை. அதற்குக் கீழே முதற்காணி அப்புத்துரையுடையது. புல்லைத் தாண்டி அவனுக்கு வந்த தண்ணீர் கால் கழுவவும் காணாது.

கொலனி அதிகாரியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. வீரகத்தி நோயாளியா, கள்ளமடிக்கிறாரா என்று காரியதரிசி நேரில் விசாரித்து, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பதில் அனுப்பவேண்டும். கள்ளமென்றால் காணிப் பெர்மிற் ரத்து.

அப்புத்துரை கடையில் சீனி வாங்கினாலும் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்க்கிறவன். பெட்டியை விட்டு எழுந்தான்.

"அண்ணை, எங்க நோகுது?"

"அதையேன் கேக்கிறீர் தம்பி! இஞ்ச தொடங்கி, இஞ்சால வந்து, குதிக்கால் மட்டும் இறங்கி, திரும்ப ஏறுது."

"போன கூட்டத்தில வலப்பக்கம் எண்டியள். இப்ப இடப்பக்கத்தைத் தடவுறியள்."

"நோவுக்கென்ன பெர்மிற்றோ குடுத்திருக்கு, ஒரு பக்கத்திலயே கிடக்க?"

கொட்டில் சிரித்தது. அப்புத்துரை சிரிக்கவில்லை. இவ்வளவு பகிடி விடுகிற ஆளுக்கு எங்கே நோ இருக்கப்போகிறது?

மறுநாள் காலையில் அவன் தன் நாம்பனை அவிழ்த்து, வீரகத்தியின் கத்தரித் தோட்டத்துக்குள் விட்டான். நாரியில் ஒன்றுமில்லாவிட்டால் மனிசன் பாய்ந்தடித்து ஓடிவரத்தானே வேண்டும்?

வீரகத்தி ஓடிவரவில்லை. "ஐயோ மாடு! ஐயோ நாரி!" என்று கதிரையிலிருந்தபடியே மாறி மாறிக் குழறினார். கமலாசனியும் குசினி வாசலில் நின்றபடியே கையிலிருந்த அகப்பையை வீசினாளே தவிர, ஓரடி நகரவில்லை. நாம்பன் கத்தரியை முடித்துக்கொண்டு, அடுத்ததாக அப்புத்துரையின் மிளகாய்க் கன்றுகளை நோக்கி நடந்தது. அதை மறிக்க வாய்க்காலைத் தாவிய அப்புத்துரை புல்லில் வழுக்கி விழுந்தான். நாரிக்குள் 'களுக்'கென்றது.

"விழுந்திட்டீரோ தம்பி?" என்று கதிரையிலிருந்து குரல் வந்தது.

"இல்லை அண்ணை. வாய்க்கால் பாக்கிறன்."

"படுத்துக்கொண்டோ?"

"ஓம், மட்டம் பாக்கிறன்."

அதன்பிறகு அப்புத்துரைக்கு வந்தது பெரிய சோதனை. குனிய முடியவில்லை; இருந்தால் எழும்ப முடியவில்லை. அதை வெளியில் சொல்லவும் முடியவில்லை. நாரியை விசாரிக்கப் போனவனுக்கே நாரியென்றால், வீரகத்தியிடம் வித்தை படித்துவந்தான் என்றல்லவா ஊர் சொல்லும்? அலவாங்கை விழுங்கியவன்போல விறைத்து நடந்தான்.

"ஏனப்பா, நிண்டுகொண்டு சாப்பிடுறியள்?" என்றாள் மனைவி இராசேஸ்வரி.

"நிண்டு சாப்பிட்டாச் செமிக்கும்."

வழியில் கண்ட கதிர்காமநாதன், "பதவி வந்தவுடன நடையும் மாறிப்போச்சு! ஆளைக் கண்டாலும் குனியிறேல்லை" என்று குத்தலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பரியாரியாரிடம் போனால் கதை பரவும். ஆகவே, "மாடு நொண்டுது, எண்ணெய் தாருங்கோ" என்றான். பரியாரியாரும் மாட்டெண்ணெயே கொடுத்துவிட்டார். பூசிய இடம் தீயாய் எரிந்தது. போதாததற்கு அந்த நாற்றத்துக்குக் கொலனி நாய்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால் ஊர்வலம் வந்தன. இராசேஸ்வரி பாயை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அவளும் இப்போது அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், வீரகத்தி வீட்டுப் பக்கமிருந்து உலக்கைச் சத்தம் கேட்டது. பெண்பிள்ளை இடிக்கிற இடியல்ல அது, ஆண்பிள்ளை இடி. அப்புத்துரைக்கு நோ மறந்துபோயிற்று. வேலிப் பொட்டுக்குள் தலையை விட்டான். தோளும் போயிற்று. நாரி போகவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தான். மார்பெல்லாம் மா அப்பிய வீரகத்தி, உலக்கையும் கையுமாக உரலடியில் நின்றார். பக்கத்தில் தண்ணீர் தளும்பும் இரண்டு வாளிகள். கூட்டிப் பெருக்கிய முற்றம்.

"பிடிச்சன்!" என்று கத்தினான் அப்புத்துரை, வேலிக்குள் கிடந்தபடி.

வீரகத்தி உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினார். அக்குளுக்குள் கையைக் கொடுத்து ஒரே தூக்காய்த் தூக்கி வெளியே எடுத்தார். மூட்டை தூக்குகிறவன்கூட அப்படித் தூக்கமாட்டான்.

"சத்தம் போடாதையும் தம்பி. அவள் இப்பதான் கண்ணயர்ந்தவள்."

"கட்டின மனிசியையும் ஏமாத்திப் பேய்க்காட்டுறியளோ?"

"அவளைத்தான் பேய்க்காட்டுறன். நாரி நோ அவளுக்கு. கடைசிப் பிள்ளை பிறந்த நாள் தொட்டு."

"அக்காவுக்கோ? அவா ஒரு நாளும் சொன்னதில்லையே!"

"செத்தாலும் சொல்லாள். இருந்தால் எழும்ப ஏலாதெண்டு நிண்டே காலம் கழிக்கிறாள். ஆறுதலாப் படு எண்டால் சண்டைக்கு வருவாள். நான் உலக்கையைத் தொட்டால் பறிப்பாள். எனக்கு நாரி எண்டால்தான் பக்கத்தில வந்து இருப்பாள். 'தனியக் கிடக்க ஏலாது, நீயும் படு' எண்டால் படுப்பாள். எண்ணெய் சூடோ எண்டு பாக்கிற சாட்டில முதல் அவளுக்குத்தான் பூசுவன். அவள் நித்திரையானால் நான் மாவிடிச்சு, தண்ணி அள்ளி வைப்பன். கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து செய்ததெண்டு சொல்லுவன்."

அப்புத்துரை அவரை மேலும் கீழும் பார்த்தான். இதுவும் ஒரு கதையோ? கொலனியிலேயே திடகாத்திரமான பெண்பிள்ளைக்கு நோவாம். ஊரே கேட்கக் குழறுகிற ஆளுக்கு ஒன்றுமில்லையாம்.

"காணி போனாலும் போகட்டும்," என்றார் வீரகத்தி. "எனக்கு நோவில்லை எண்டு மட்டும் அவளுக்குத் தெரியப்படாது. அதுசரி, உமக்கு நாரி எத்தினை நாளாய்?"

"எனக்கொண்டுமில்லை," என்றான் அப்புத்துரை, சட்டென்று.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வேலிக்குள் செருகிக் கிடந்து தூக்கியெடுக்கப்பட்டவனே இப்படிச் சொல்லலாமென்றால், கமலாசனியும் ஏன் நோவை மறைத்திருக்கக்கூடாது?

வீட்டுக்குப் போய் நின்றபடியே மேசையில் எழுதினான். முதலாவது தாளைக் கிழித்தான். இரண்டாவதில், "வீரகத்தியின் வீட்டில் தீராத நாரி நோ இருப்பது உண்மை. அவரது வாய்க்காற் பங்கைச் சங்கத்தார் கூடிச் செய்து கொடுப்போம்" என்று எழுதினான். பொய் ஒன்றுமில்லையே என்று திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தான். சோற்றுப்பசை வைத்து ஒட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸடிக்குக் கமலாசனியும் வந்திருந்தாள்.

"என்னெண்டு எழுதினனீர் தம்பி?"

"கள்ளமில்லை எண்டு, அக்கா."

அவள் கடிதத்தை வாங்கி, ஒட்டிய இடத்தைப் பெருவிரலால் அழுத்திவிட்டுக் கொண்டக்டரிடம் நீட்டினாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. கமலாசனி அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இவருக்கு நோவில்லை எண்டு எனக்குத் தெரியுமெண்டதை மட்டும் இவருக்குச் சொல்லிப்போடாதையும் தம்பி, பிறகு நான் ஆரைச் சாட்டிப் படுக்கிறது?"